கயிற்றில் ஏறிய காந்தியடிகள்!

கடலின் இழுப்பு எவ்வளவு பொல்லாதது என்பது பொம்மையார்பாளையம் மீனவர்களுக்குத் தெரியும். காந்தியடிகள் அதைத் தம் 23 வயதில் தெரிந்து கொண்டார்.

1893-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஒரு வழக்கு விஷயமாக அவர் பம்பாயில் இருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். முதல் வகுப்பில் இடம் இல்லை. கப்பலின் தலைமை அதிகாரி தம் அறையிலேயே இடம் கொடுத்தார். காப்டனும் நண்பர் ஆனார். இருவரும் சதுரங்கம் ஆடினார்கள்.

13 நாளில், ஆப்பிரிக்கக் கரையில் உள்ள லாமு துறைமுகம் வந்தது. கப்பல் மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். துறைமுகம் ஆபத்தானது, நேரத்தோடு திரும்பிவிட வேண்டும் என்று காப்டன் எச்சரித்தார்.

காந்தி கரை இறங்கினார். தபால் ஆபீசில் இந்திய குமாஸ்தாக்களைக் கண்டார். மகிழ்ச்சியோடு பேசினார். ஊர் மக்களின் வாழ்க்கையையும் கவனித்தார். நேரம் போய்விட்டது.

அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே பயணம் செய்தவர்கள் சிலர், சமைத்துச் சாப்பிடக் கரைக்கு வந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே படகில் அவரும் திரும்பினார்.

படகில் அளவுக்கு மீறிய பாரம். நீரோட்டமோ கடுமை. படகு கப்பலின் ஏணியைத் தொடும். உடனே விலகிப் போகும். முதல் சங்கும் ஊதிவிட்டது!

காப்டன் மேலும் ஐந்து நிமிடம் கப்பலை நிறுத்தி வைத்தார். நண்பர் ஒருவர் காந்திக்காக 10 ரூபாய்க்கு வேறு படகு அமர்த்தினார். அதற்குள் ஏணியைத் தூக்கிவிட்டார்கள். அவரைக் கயிற்றினால் மேலே இழுத்தார்கள். உடனே கப்பல் நகர்ந்தது.

உடன் வந்தவர்கள்? அவர்களை விட்டுவிட்டே கப்பல் போய்விட்டது.

காப்டனின் நண்பருக்குக் கயிறு கிடைத்தது. தளத்துப் பயணிகளுக்குக் கிடைக்கவில்லை. காந்தியடிகள் இதை மறைக்கவில்லை. தம் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

பின்னாளில் ரயிலில் அவர் விரும்பி ஏறியது, மூன்றாம் வகுப்புப் பெட்டி.