கற்கால மனிதனைக் கண்டவர் – இராபர்ட் புரூஸ் ஃபூட்

பிறந்த மண் ஒன்று, பிழைக்க வந்த மண் ஒன்று என இரண்டு மண்ணுக்கும் கடன்பட்டவர்கள் நாம். தமிழகத்திற்கும் கருநாடகத்திற்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டை ஆண்டுதோறும் பன்முறை கடந்து செல்கிறோம். அக்கோடு இன்றைய வடிவில் அமைந்தது 1956-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பன்னூறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விரு நிலங்களிலும் மனிதர் வாழ்ந்தனர்; கல்லை உடைத்துக் கருவி செய்தனர்; ஆற்றங்கரைகளில் குடியிருந்தனர். இவ்வுண்மையை உலகிற்கு முதன்முதல் எடுத்துக் காட்டிய பெருமகனார் ஓர் ஆங்கிலேயர். அவர் தமிழ் நிலத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கருநாடக நிலத்தில் அதனை விரித்தார். மீண்டும் தமிழ்நாட்டு மலையொன்றில் அமைதி கொண்டார். இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் அவ்வறிஞரின் வரலாற்றைப் பெங்களூருத் தமிழராகிய நாம் அறிந்திருத்தல் பெரிதும் பொருத்தமுடையதாகும்.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் அகவையில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளின் வகையையும் அடுக்கையும் கண்டு, எவ்விடத்தில் எக்கல் உளது என வரைபடம் எழுதுவதே அவருக்கு இடப்பட்ட பணி. பழங்கால மனிதனைத் தேடுமாறு அவரை எவரும் ஏவவில்லை.

ஆயினும் காலம் அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தது. பிரான்சு நாட்டில் ஆற்று மணற்படிவங்களில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று 1859-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர்கள் நேரிற் கண்டு ஒப்புக்கொண்டனர். மனித குலத்தின் தொன்மை, ஏட்டு வரலாறுகள் கூறும் காலத்தினும் நெடிது என்பது அதனால் தெளிவாயிற்று. அத்தகைய கருவிகள் இந்தியாவிலும் இருத்தல் கூடுமோ? அதற்கு விடை சென்னைக்கு அண்மையிலேயே காத்திருந்தது.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலில், சரளைக்காகத் தோண்டப்பட்ட ஒரு குழியருகே ஃபூட் ஒரு கல்லைக் கண்டார். அதனைப் பிறர் கண்டிருந்தால் சாலைக்கு உதவும் சரளை என்றே எண்ணியிருப்பர். ஆனால் அதன் பக்கங்கள் முறையாகச் செதுக்கப்பட்டிருந்ததை அவர் கண்கள் கண்டுகொண்டன. அது பழைய கற்கால மனிதனின் கைக்கருவி. இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சி அன்று பிறந்தது எனலாம்.

அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், தம்முடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தை அவர் அடைந்தார். அங்கு ஓடைக்கரையின் மண்ணடுக்கிலேயே கருவிகள் பதிந்து கிடந்தன. தரைமேற் கிடக்கும் கல் எங்கிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். அடுக்கினுள் உறைந்து கிடக்கும் கல்லோ தன் காலத்தைத் தன்னோடு வைத்திருக்கிறது. அவ்விடத்தின் மதிப்பை அவர் அன்றே உணர்ந்தார். அதே அத்திரம்பாக்கத்தில் இக்காலத்தில் அகழ்ந்த சாந்தி பாப்பு முதலியோர், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என்று 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஃபூட் காட்டிய இடம் எத்துணைச் சிறந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர்தம் இல்லறத்திலும் தமிழ் மணம் கமழ்ந்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும். அவர் மணந்த எலிசபெத்து அம்மையார், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் திருமகளார். யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நிறுவியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் அப்பெர்சிவலே ஆவார். மாமனார் மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளைத் திரட்டினார். மருமகனார் மக்கள் கையிலிருந்து நழுவிய கற்களைத் திரட்டினார். இரண்டும் எளியோர் விட்டுச் சென்ற செல்வங்களே.

பின்னர் ஃபூட்டின் பணி வடமேற்கு நோக்கிச் சென்றது. கிருட்டிணைக்கு நீர் சுமந்து செல்லும் மலபிரபா, கடபிரபா ஆறுகளின் பள்ளத்தாக்குகளை அவர் ஆராய்ந்தார். மலபிரபாக் கரையிலும் பழைய கற்காலக் கருவிகள் அவருக்குக் கிடைத்தன. கோகாக்குப் பகுதியில் ஆற்றுப்படிவத்திலிருந்து காண்டாமிருகம் ஒன்றின் எலும்புகளை அவர் கண்டெடுத்தார். அழிந்துபட்ட அவ்வினத்தைப் பற்றி 1874-ஆம் ஆண்டில் எழுதினார். இன்று முள்ளும் கரிசலும் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், ஒரு காலத்தில் நீரும் புல்லும் நிறைந்த சதுப்புகள் இருந்திருத்தல் வேண்டும் என்பதை அவ்வெலும்புகள் உணர்த்தின. ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பது என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. நிலம் மாறும்போது வாழ்வும் மாறுகிறது.

எனினும் ஃபூட்டின் வாழ்நாள் உழைப்பில் தலையாய இடம் பெற்றது பல்லாரி நாடேயாகும். துங்கபத்திரைக்கும் அதன் கிளையாறாகிய வேதாவதிக்கும் இடைப்பட்ட அந்நிலம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953-ஆம் ஆண்டில்தான் மைசூருடன் இணைந்தது. மழை குறைவு; வெயில் மிகுதி; பஞ்சம் பலமுறை வாட்டிய நாடு. கோடையில் ஆற்றிலும் மணலே தெரியும். சமவெளியின் நடுவே கற்குவியல்கள் போன்ற கருங்கல் மலைகள் எழுந்து நிற்கும். இத்தகைய வறண்ட நிலத்தில் பழங்காலத்தில் யார் வாழ்ந்திருப்பர் என்று எவரும் எண்ணுவர். ஃபூட் அம்மலைகளில் ஏறினார். ஒன்றன்பின் ஒன்றாகக் குடியிருப்புகளைக் கண்டார்.

புதிய கற்கால மக்கள் அம்மலைகளைத் தெரிந்தே தேர்ந்துகொண்டனர் என்பதை அவர் கண்டறிந்தார். பாறை இடுக்குகளில் மழைநீர் தங்கும்; பாறையடியில் நிழல் உண்டு; மேலிருந்து நோக்கினால் மேயும் மந்தையும் வரும் பகையும் தெரியும். சரிவுகளில் கற்களை அடுக்கி மேடை அமைத்து அவர்கள் குடியிருந்தனர். பல்லாரிக்கு அருகில் சங்கனகல்லு, குப்கல் என்னும் ஊர்களை ஒட்டிய மலைகளில் கற்கோடரிகள் செய்யும் பெரிய தொழிற்களமே இருந்தது. மலையை ஊடறுத்துச் செல்லும் கரும்பாறை வரிசையிலிருந்து கல்லை உடைத்து, செதுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கோடரியாக்கினர். முடிந்த கோடரிகளை மட்டுமன்றி, பாதியில் உடைந்தவற்றையும், செதுக்கும்போது தெறித்த சில்லுகளையும், தேய்த்த பள்ளங்களையும் ஃபூட் நோக்கினார். அழகிய பொருளை மட்டும் எடுத்துச் செல்பவன் பொருள் சேர்ப்பவன். கழிவையும் எடுத்துப் பார்ப்பவனே ஆராய்ச்சியாளன்.

பல்லாரிப் பகுதியில் மற்றொரு புதிரும் இருந்தது. அங்கங்கே பெரும் சாம்பல் மேடுகள் காணப்பட்டன. சிலவற்றில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டிபோல் இறுகியிருந்தது. குடத்தினி மேட்டினை வீமன் கொன்ற இடும்பனின் சாம்பல் என்றும், அம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரத்து மேட்டினை வாலியை எரியூட்டிய இடம் என்றும் மக்கள் கூறினர். போரில் மாண்டோரை ஒருங்கே எரித்த இடம் என்று கருதிய அறிஞரும் உண்டு. ஃபூட் அச்சாம்பலினுள் கற்கோடரிகளையும் மட்கல ஓடுகளையும் விலங்கெலும்புகளையும் கண்டு, அவை கற்கால மக்களுடையவை என்றும், மாட்டுச்சாணம் எரிந்ததால் உண்டானவை என்றும் துணிந்தார். மாடு அடைத்த பட்டிகளில் ஆண்டாண்டாகச் சேர்ந்த சாணமே அம்மேடுகளுக்கு முதல்.

அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின்னரே அக்கருத்து உறுதிப்பட்டது. 1950-களின் இறுதியில் உட்னூரில் அகழ்ந்த ஆல்சின் என்னும் அறிஞர், சாம்பல் அடுக்கினிடையே மாட்டுக் குளம்புகளின் சுவடுகளையே கண்டார். அது மாட்டுப்பட்டியே என்று 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். அம்மக்களின் காலம் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கும் 3000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டதென இன்று அறிகிறோம். அவர்கள் சிறுதானியமும் கொள்ளும் பாசிப்பயறும் உண்டனர் என்பதையும் பின்வந்தோர் கண்டுள்ளனர். நம் அடுக்களையில் இன்று கொதிக்கும் கொள்ளு இரசத்திற்கு இத்துணைப் பழைய உறவு உண்டு என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகின்றது.

பொன்னைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தென்னாட்டுப் பொன் பெரும்பாலும் எப்பாறைத் தொகுதியில் உறைகின்றது என்பதை ஆராய்ந்து, அதற்குத் தார்வார்த் தொகுதி என்று பெயரிட்டு 1880-களில் விளக்கியவரும் ஃபூட்டே. கோலார் தங்கவயல் அத்தொகுதியைச் சேர்ந்த பாறையில் அமைந்தது. அவ்வயலின் ஆழ்சுரங்கங்களில், 2001-ஆம் ஆண்டில் அவை மூடப்படும் வரை, தலைமுறை தலைமுறையாக உழைத்தோரில் மிகப் பலர் தமிழரே என்பதை நாம் மறத்தல் இயலாது. 1891-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா அரசிற்குப் பணி செய்தார்; சபர்மதிக் கரையிலும் கற்கருவி கண்டார். 1894-ஆம் ஆண்டில் மைசூர் அரசு நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். இங்ஙனம் நம் பெங்களூருக்கும் அவர் உரியவரானார்.

முதுமையில் அவர் சேலத்தை அடுத்த ஏற்காட்டில் வாழ்ந்தார். அம்மலையிலும் அவர்தம் தேட்டம் ஓயவில்லை. மெருகேறிய கற்கோடரிகளை மலைவாழ் மக்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபடும் வழக்கம் அங்கு இருந்தது. நாற்பதாண்டுகளில், 450-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டிய பொருள்கள் அவரிடம் இருந்தன. அவற்றைக் கடல் கடத்தாமல், 1904-ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கே விற்றார். ஒவ்வொன்றும் எவ்வூரில், எவ்விடத்தில் கிடைத்தது என்னும் குறிப்போடு அதற்கொரு விளக்கப் பட்டியலும் எழுதினார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் அகவையில் கல்கத்தாவில் மறைந்தார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டுத் திருச்சபை வளாகத்தில் உளது. அவர் உழைத்த பட்டியல் 1914-ஆம் ஆண்டிலும், அதனையொட்டிய குறிப்புரை 1916-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன; அச்சிட்ட நூலைக் காண அவர் இல்லை.

அவர் காலத்தில் கரியைக் கொண்டு ஆண்டு கணக்கிடும் முறை இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று அவரால் கூற முடிந்தது. எத்தனை ஆண்டு என்று கூற முடியவில்லை. பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் நடுவே மனிதரற்ற நெடும் இடைவெளி இருந்ததென்று அவர் கருதியதையும் பின்னைய ஆராய்ச்சி ஏற்கவில்லை. ஆயினும் அவரைத் திருத்தியோர் அனைவரும் அவர் குறித்து வைத்த இடங்களுக்கே சென்று, அங்கு நின்றே திருத்தினர். இடத்தைப் பிழையறக் குறித்து வைத்தமையே அவர் நமக்கு அளித்த பெருங்கொடை.

அவ்விடங்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகின்றது. சாம்பல் மேடுகள் பல வயலுக்கு எருவாக வெட்டி எடுக்கப்பட்டன. சங்கனகல்லு, குப்கல் மலைகளைக் கல்லுடைக்கும் தொழில் தின்று வந்துள்ளது. பல்லாவரத்தில் நகரம் நிறைந்துவிட்டது. எரு வேண்டிய உழவரையோ, கூலி வேண்டிய தொழிலாளியையோ நாம் பழிக்கவில்லை. அந்த மண்ணின் மதிப்பை அவர்களுக்கு எடுத்துரைக்காத கற்றோரின் குறையே அது. அருங்காட்சியகப் பேழையிலுள்ள கோடரி உடையாமல் இருக்கலாம். அது பிறந்த மலை அழிந்துவிட்டால் அக்கோடரி தாயற்ற பிள்ளையே.

பல்லாரி நகரில் ஃபூட்டின் பெயரையும் சங்கனகல்லின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய தொல்லியல் அருங்காட்சியகம் ஒன்று இன்று உளது. அம்பியின் எழிலைக் காணக் குடும்பத்தோடு செல்லும் நம்மவர், ஒரு பொழுதை ஒதுக்கி அதனையும் காணல் வேண்டும். ஊர் செல்லும் விடுமுறையில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டல் வேண்டும். மலபிரபாக் கரையில் கல் செதுக்கியவனும் கொற்றலையாற்றங்கரையில் கல் செதுக்கியவனும் ஒரே கைத்திறம் கற்றவர்கள் என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பர். வந்த நாட்டை அறிந்து போற்றுவது, அந்நாட்டில் வாழ்வோர் செலுத்தத்தக்க வாடகையாகும். செல்ட்டனத்திலிருந்து வந்த ஒருவர் அதனை வாழ்நாளெல்லாம் செலுத்தினார். வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்த நாமும் அதனை மகிழ்ச்சியோடு செலுத்துவோமாக!