இராபர்ட் தெ நோபிலி

இராபர்ட் தெ நோபிலி (செப்டம்பர் 1577 - சனவரி 16, 1656) தமிழகத்தில் சமயப் பணி ஆற்றிய இத்தாலிய இயேசு சபைத் துறவி ஆவார். தத்துவ போதகர் என்ற பெயராலும் அறியப்படுகிறார். தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவர்.

மதுரை வருகை

உரோமை நகரில் உயர்குடியில் பிறந்த நோபிலி 1605 இல் கோவாவையும் 1606 இல் மதுரையையும் அடைந்தார். அப்போது மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. மேற்கே ஏலமலை அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூர், மதுரை நாயக்கர்களின் பாளையங்களுள் ஒன்று. அம்மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்தில் இருந்த ஆயர் பிரான்சிசு ரோசு நோபிலிக்கு உறுதுணையாக இருந்தார்.

நோபிலிக்கு முன்பே, 1595 முதல், கொன்சாலோ பெர்னாண்டசு என்ற துறவி மதுரையில் பணியாற்றி வந்தார். முத்துக்குளித்துறைப் பரவர்கள் அவரிடம் வந்தனரே அன்றி, உள்ளூர் மக்கள் சமயம் மாறவில்லை. கிறித்தவர் ஆவது என்பது பரங்கியர் குலத்தில் சேர்வது என்றே மக்கள் கருதினர். பரங்கியர் மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர் என இழிவாக எண்ணப்பட்டனர்.

நோபிலி தாம் பரங்கி அல்லர் என்றார். காவி உடுத்து, புலால் விலக்கி, துறவியாக வாழ்ந்தார். தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றைக் கற்றார். வடமொழியைக் கற்பித்தவர் சிவதருமர் என்னும் அந்தணர். கிறித்தவர் ஆனோர் பூணூலும் குடுமியும் விடத் தேவையில்லை, அவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்பது இவரது வாதம்.

எதிர்ப்பும் தீர்ப்பும்

இதனைப் பெர்னாண்டசே கடுமையாக எதிர்த்தார். 1619 இல் கோவாவில் கூடிய அவையிலும் எதிர்ப்பே மிகுந்திருந்தது. வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில கட்டுப்பாடுகளுடன் ஏற்றார்.

இக்கேள்வி புதியதன்று. இங்கிலாந்தின் கெந்து நாட்டில் 597 இல் அகுசுத்தீன் ஆங்கிலோ-சாக்சன் மக்களிடையே பணி தொடங்கினார். அவர்களின் கோயில்களை இடிக்காமல் தூய்மை செய்து பயன்படுத்துமாறு 601 இல் அறிவுறுத்தியவர் முதலாம் கிரகோரி. பெயர் ஒற்றுமை தற்செயலானதே. ஆனால் இங்கிலாந்தில் சிக்கல் கோயிலைப் பற்றியது. மதுரையில் அது சாதியைப் பற்றியது.

நோபிலியின் முறைக்கு ஒரு விலை இருந்தது. உயர்சாதிக் கிறித்தவர்களுக்குத் தனிக் கோயில் அமைந்தது. பிற சாதியினர் ஒதுங்கியே இருக்க நேர்ந்தது. 1640 இல் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவுத் துறவிகள் அவர்களுக்கென ஏற்படுத்தப்பட்டனர். தமிழகக் கிறித்தவத்தில் சாதி வேரூன்றியதற்கு இம்முறையும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்க இயலாது.

தமிழ்ப் பணி

போர்த்துக்கீசியச் சொற்களுக்கு மாற்றாகக் கோவில், அருள், குரு, வேதம், பூசை, பிரசாதம் போன்ற வழக்குச் சொற்களைக் கிறித்தவப் பொருளில் புகுத்தினார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய உரைநடை நூல்களை இயற்றினார்.

இறுதிக்காலம்

1623 க்குப் பின் சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலும் பணியாற்றினார். 1640 இல் மதுரையில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். பார்வை குன்றிய நிலையில் மயிலாப்பூரில் காலமானார்.

இவர் பணியாற்றிய மதுரை 1938 இல் தனி மறைமாவட்டமாகவும் 1953 இல் உயர் மறைமாவட்டமாகவும் ஆனது. போடிநாயக்கனூர் அடங்கிய தேனி மாவட்டம் அதன் எல்லைக்குட்பட்டது.