அன்னையாய் நின்ற மருத்துவர்

திருவரங்குளம் முதலான சிற்றூர்கள் சூழ்ந்த புதுக்கோட்டைச் சீமையில், நாராயணசாமி - சந்திரம்மாள் இணையருக்கு மகளாக 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலெட்சுமி பிறந்தார். பருவமடைந்த பெண்கள் பள்ளிக்குச் செல்லாத காலம் அது. அவரோ வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவருக்கு இடமளித்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் விளங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, மகளிருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை ஆகியவற்றை அவையில் வலியுறுத்தினார். தேவதாசி முறையை ஒழிக்கவும் போராடினார். 1947இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் தம் பதவியைத் துறந்தார்.

தேவதாசி வாழ்வை வெறுத்து வந்த இளம்பெண்கள் தங்க இடமின்றித் தவித்தபோது, அவர் தம் இல்லக் கதவையே திறந்துவிட்டார். அவ்வாறு தோன்றிய அவ்வை இல்லம் ஆதரவற்ற சிறுமியர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் தந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் ஆறாதிருந்தது. அத்துயரின் பயனாக 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968இல் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.