தோழரிடம் வேண்டியவை

இல்லற முட்டுப்பாடுகளை இறைவன் திருமுன் வைத்தல் தகுமோ என ஐயுறுவாருளர். அன்னார்க்குச் சுந்தரமூர்த்தி நாயனார் சரிதம் விடையாகும்.

திருநாவலூரிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்த் தோன்றிய இவர், திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பெற்றுப் பின்னர்த் தம்பிரான் தோழரென வழங்கப்பட்டார். தோழரிடம் கேட்க நாணுவார் யாவர்? குண்டையூரில் மலைபோற் குவிந்த நெல்லைப் பரவையார் மனைக்குக் கொண்டுசெல்ல ஆளின்மையால், திருக்கோளிலிப் பெருமானிடம் ஆள் வேண்டினார். அன்றிரவே பூதகணங்கள் ஆரூர் வீதியெங்கும் நெல்லை நிறைத்தன என்பது பெரியபுராணம். பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் நாடித் திருப்புகலூர் சென்றார். தலைக்கணையாய் வைத்துத் துயின்ற செங்கற்கள் பொற்கட்டிகளாயின.

வேண்டியன யாவும் வேண்டியவாறே கிடைத்தனவோ? இல்லை. சங்கிலியாரைப் பிரியேன் எனத் திருவொற்றியூரிற் செய்த சபதந் தவறி, இரு கண்ணொளியும் இழந்தார். திருவெண்பாக்கத்திற் கண் வேண்டியவர்க்கு ஊன்றுகோலே கிட்டியது. மனம்நொந்து முறையிட்டாராயினும் வேண்டுதலை விட்டாரல்லர். அக்கோலையே ஊன்றி நடந்தார். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

7ஆம் திருமுறையாகிய இவர்தம் 100 பதிகங்களுள் நம் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரப் பதிகமும் ஒன்று. ஆதலின் ஈழத்தவராகிய நமக்கும் இவர் அணுக்கர். நெல்லுக்கும் பொன்னுக்கும் கையேந்தியமையால் இவர் பத்தி குறைந்ததன்று. தேவையை மறையாதவர் தம் பிழையையும் மறைத்திலர். பெருந்துன்பம் வந்த நாளில் இறைவனைப் புதிதாய்த் தேட வேண்டிய நிலை அவர்க்கு நேரவில்லை. சிறுகுறைகளைச் சொல்லிப் பழகிய நாவே அன்றும் உரிமையோடு அழைத்தது.