மருந்து கண்ட சுப்பாராவ்

மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். நான் படித்தது மெக்கானிக்கல். பிழைப்பு, நாமக்கல் பக்கம் கோழித்தீவன ஆலைகளுக்கு மெஷின் மாட்டிக் கொடுப்பது. தீவனத்தில் சேர்க்கும் விட்டமின் மூட்டைமேல் ஃபோலிக் ஆசிட் என்று அச்சிட்டிருக்கும். அது இல்லாவிட்டால் குஞ்சுகளுக்கு ரத்தசோகை வந்துவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார் என்பது நம்ம பசங்களில் பலருக்குத் தெரியாது. அவர்தான் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறைதான் தேறினார், அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளிக்கு வந்து. (அரியர் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்க!) பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று, ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கியில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் முழுப் பட்டம் தராமல் எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள்.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. கூடப்பிறந்த இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ நோயில் இறந்தார்கள். குடல் சத்தை உறிஞ்சாமல் ரத்தம் சுண்டிப்போகும் வியாதி அது. அவருக்கும் வந்து, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். இவர் திரும்பி வரவே இல்லை. இதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரவில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் ஒரு முறை கண்டார். அது இன்றும் இருவர் பெயரிலேயே இருக்கிறது. நிரந்தர உத்தியோகம்தான் கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்திலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர் குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே செய்து காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்ததும் ரத்தம் ஊறியது. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து வந்துவிட்டது, கால் நூற்றாண்டு தாமதமாக.

கதை அதோடு நிற்கவில்லை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப்புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இதே இனத்துப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது! புற்றுச் செல்லுக்கும் இது தீனி என்றால், தீனியை அடைத்தால் என்ன? சுப்பாராவ் குழு ஃபோலிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு அமினோவை வைத்தது. நம்ம பாஷையில் சொன்னால், த்ரெட் கொஞ்சம் மாறிய போல்ட். நட்டுக்குள் போகும், அங்கேயே இறுகிக்கொள்ளும், சரியான போல்ட்டையும் உள்ளே விடாது. அதன் பெயர் அமினோப்டெரின். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக ஃபார்பர் 1948 ஜூனில் எழுதினார். தணிந்தது சில மாதங்களுக்குத்தான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு எந்த மருந்தும் கேட்டதில்லை. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்று சேலத்து மருந்துக்கடைகளிலும் மூட்டுவாத நோயாளிகள் வாங்கும், வாரம் ஒருமுறை மட்டுமே போட வேண்டிய மாத்திரை.

யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.ஈ.சி. மாத்திரையும், ஆரியோமைசினும் அவர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவையே. நோபல் பரிசு வரவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதம்தான் கடந்திருந்தது. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே காலமானார்.