ருடோல்ஃப் டீசல்

ருடோல்ஃப் கிறிஸ்டியன் கார்ல் டீசல் (மார்ச் 18, 1858 – செப்டம்பர் 29, 1913) ஒரு ஜெர்மானிய இயந்திரப் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். காற்றை மிக அதிகமாக அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டினாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் டீசல் பொறியை இவர் உருவாக்கினார். இவரது பெயர் இன்று பொறிக்கு மட்டுமன்றி அதில் எரிக்கப்படும் எண்ணெய்க்கும் பெயராக வழங்குகிறது. எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வேலையாக மாற்றிவிட வேண்டும் என்பதே இவரது வாழ்நாள் நோக்கமாக இருந்தது. இவர் கணக்கிட்டுக் காட்டிய அளவுக்கும் இவரது பொறி உண்மையில் எட்டிய அளவுக்கும் இடையே இருந்த இடைவெளி இவரது வாழ்க்கையைப் பெரிதும் பாதித்தது. அவ்விடைவெளி இன்றைய கார்களின் எரிபொருள் சிக்கனத்திற்கும் எல்லையாக உள்ளது.

இளமையும் கல்வியும்

டீசல் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் தியோடர் டீசல், எலிசே ஆகியோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். புத்தகம் கட்டும் தொழிலாளியான தந்தை, பாரிசில் தோல் பொருட்கள் செய்யும் பட்டறை நடத்தி வந்தார். மூன்று குழந்தைகளில் ருடோல்ஃப் இரண்டாமவர்.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டதால், பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. டீசலின் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. அங்கு வறுமை வாட்டியதால் பன்னிரண்டு வயதுச் சிறுவனான ருடோல்ஃப், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் கிறிஸ்டோஃப் பார்னிக்கலின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பார்னிக்கல் அந்நகரின் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தார். தான் ஒரு பொறியியலாளராக விரும்புவதாக ருடோல்ஃப் தன் பதினான்காவது வயதிலேயே பெற்றோருக்கு எழுதினார்.

பள்ளியில் முதல் மாணவராகத் தேறிய இவர், 1875இல் உதவித்தொகை பெற்று மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே அங்கு இவருக்குப் பேராசிரியராக இருந்தார். 1879இல் டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வு எழுத இயலாமல் போனது. இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உள்ள சூல்சர் தொழிற்சாலையில் பணிப்பயிற்சி பெற்றார். 1880 சனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார்.

லிண்டே நிறுவனத்தில் பணி

பட்டம் பெற்ற பின் டீசல் பாரிசுக்குத் திரும்பி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையை அமைக்க உதவினார். ஓராண்டில் அதன் மேலாளரானார். 1883இல் மார்த்தா ஃபிளாஷே என்பவரை மணந்தார். இவர்களுக்கு ருடோல்ஃப், ஹெடி, ஆய்கன் என மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1890இல் குடும்பத்துடன் பெர்லினில் குடியேறினார்.

பணிக்கு இடையே இவர் நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் இயங்கும் பொறி ஒன்றைச் செய்ய முயன்றார். சோதனையின்போது அது வெடித்ததில் படுகாயமுற்றுப் பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். அம்மோனியாப் பொறி வெற்றி பெறவில்லை. ஆயினும் உயர் அழுத்தத்தைப் பற்றி அதில் பெற்ற அனுபவம் பின்னர் பயன்பட்டது.

கார்னோ சுழற்சியும் 73 விழுக்காடும்

ஒரு பொறிக்கு அளிக்கப்படும் வெப்பத்தில் எத்தனை விழுக்காடு வேலையாக மாறுகிறதோ அதுவே அதன் பயனுறுதிறன் எனப்படும். அக்கால நீராவிப் பொறிகள் நிலக்கரியின் வெப்பத்தில் 6 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே வேலையாக மாற்றின. 1878இல் லிண்டேயின் வகுப்பில் இதைக் கேட்ட டீசல், எஞ்சிய 90 விழுக்காடு வீணாவதைத் தடுக்க இயலுமா என்ற கேள்வியை அன்றே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

இக்கேள்விக்கான கோட்பாட்டு விடை முன்பே அறியப்பட்டிருந்தது. எந்த வெப்பப் பொறியும் தன் உயர் வெப்பநிலையும் தாழ் வெப்பநிலையும் விதிக்கும் ஓர் எல்லையைத் தாண்ட முடியாது என பிரெஞ்சு அறிவியலாளர் சாடி கார்னோ 1824இல் காட்டியிருந்தார். இரு வெப்பநிலைகளையும் கெல்வின் அளவில் எடுத்து, அவற்றின் வேறுபாட்டை உயர் வெப்பநிலையால் வகுத்தால் அவ்வெல்லை கிடைக்கும்.

டீசல் கார்னோவின் சுழற்சியை ஒரு சிலிண்டருக்குள்ளேயே நிகழ்த்தத் திட்டமிட்டார். வெறும் காற்றை 250 வளிமண்டல அழுத்தத்திற்கு அழுத்தினால் அது ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதே காரணத்தினால்தான். அச்சூடான காற்றில் எரிபொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் தீப்பொறி இன்றியே எரியும். பிஸ்டன் விலகும் வேகத்திற்கு ஏற்ப எரிபொருளைச் செலுத்தினால் வெப்பநிலை மேலும் உயராது. 800 பாகை என்பது 1073 கெல்வின். வெளிக்காற்றின் 20 பாகை என்பது 293 கெல்வின். இவற்றிலிருந்து கிடைக்கும் எல்லை 73 விழுக்காடு ஆகும்.

இதற்காக 1892இல் காப்புரிமத்திற்கு விண்ணப்பித்தார். 67207 என்ற எண்ணுள்ள ஜெர்மானியக் காப்புரிமம் 1893 பெப்ரவரியில் வழங்கப்பட்டது. அதே ஆண்டில், நீராவிப் பொறிகளுக்கும் ஏனைய உள்ளெரி பொறிகளுக்கும் மாற்றாக அமையக்கூடிய வெப்பப் பொறியைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். ஹைன்ரிச் வான் பூட்ஸ் இயக்குநராக இருந்த ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் (பின்னாளைய மான் நிறுவனம்), குருப் நிறுவனமும் ஆய்வுக்கு நிதியளிக்க முன்வந்தன.

ஆக்ஸ்பர்க் சோதனைகள் (1893–1897)

நூல் வெளிவந்த ஆண்டிலேயே தன் திட்டத்தில் இருந்த குறையை டீசல் உணர்ந்தார். காற்றை 250 வளிமண்டல அழுத்தத்திற்கு அழுத்தவே பெரும் வேலை செலவாகும். வெப்பநிலை உயராத வகையில் எரிக்க வேண்டுமானால் மிகச் சிறிதளவு எரிபொருளையே செலுத்த இயலும். எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் கிடைக்கும் நிகர வேலை மிகக் குறைவாக இருக்கும். அதையும் உராய்வு விழுங்கிவிடும். கோட்பாட்டில் 73 விழுக்காட்டை நெருங்கும் பொறி, நடைமுறையில் தன்னைத்தானே சுழற்றிக் கொள்வதே அரிது.

ஆகவே அவர் அழுத்தத்தை 30 முதல் 40 வளிமண்டலம் வரை குறைத்தார். மாறா வெப்பநிலையில் எரிப்பதைக் கைவிட்டு, ஏறத்தாழ மாறா அழுத்தத்தில் எரிக்கும் முறைக்கு மாறினார். இதற்கென 1893 நவம்பரில் இரண்டாவது காப்புரிமத்திற்கு விண்ணப்பித்தார். ஆயினும் நூலில் எழுதியதை வெளிப்படையாகத் திருத்திக் கொள்ளவில்லை. இது பின்னர் அவருக்கு எதிரான முதன்மையான குற்றச்சாட்டாயிற்று.

1893 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் சோதனையில் எரிபொருள் தானே பற்றியது. ஆனால் வெடிப்பின் வேகத்தில் அழுத்தமானி சிதறியது. 1894 பெப்ரவரி 17 அன்று பொறி முதன்முறையாகத் தன் ஆற்றலால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது. எரிபொருளைச் சீராகத் தூவுவதே மிகக் கடினமாக இருந்தது. உயர் அழுத்தக் காற்றுடன் சேர்த்துப் பீச்சும் முறையால் அச்சிக்கல் தீர்ந்தது. 1895 ஜூனில் பயனுறுதிறன் 16.6 விழுக்காட்டை எட்டியது.

1897 பெப்ரவரி 17 அன்று மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் சுரோட்டர் புதிய பொறியை முறைப்படி அளவிட்டார். 250 மில்லிமீட்டர் விட்டமும் 400 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் பொறி அது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 154 சுற்றுகளில் 18 குதிரைத்திறன் அளவுக்கு வழங்கியது. அதன் பயனுறுதிறன் 26.2 விழுக்காடு. இது அக்காலத்து நீராவிப் பொறிகளைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாகும். எனினும், டீசல் நூலில் குறித்த 73 விழுக்காட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும்.

புகழும் பின்னடைவும்

சோதனையின் முடிவு வெளியானதும் பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற முன்வந்தன. அமெரிக்க மதுபான உற்பத்தியாளர் அடால்ஃபஸ் புஷ் தம் நாட்டுக்கான உரிமத்தைப் பத்து இலட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1898இல் உருவான டீசல் பொறிகளுக்கான பொது நிறுவனம், காப்புரிமங்களுக்கு 35 இலட்சம் மார்க் வழங்க இசைந்தது. 1900இல் நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் பொறிக்குப் பெரும்பரிசு கிடைத்தது. அக்கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் பொறி நிலக்கடலை எண்ணெயிலும் இயக்கிக் காட்டப்பட்டது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் நன்கு ஓடிய பொறி வாடிக்கையாளர்களிடம் அவ்வாறு ஓடவில்லை. 1898இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வழங்கப்பட்ட முதல் விற்பனைப் பொறி அடிக்கடி பழுதடைந்தது. பொறியில் நிகழ்வது காப்புரிமத்தில் விவரித்த சுழற்சியே அன்று எனப் போட்டியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். டீசலுக்கு முன்பே இங்கிலாந்தின் ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட், சிலிண்டருடன் இணைந்த சூடான அறையில் எண்ணெயைப் பற்றவைக்கும் பொறியைச் செய்திருந்ததும் எடுத்துக்காட்டப்பட்டது. வழக்குகளில் டீசலின் காப்புரிமங்கள் நிலைத்தன. ஆனால் இடைவிடாத உழைப்பினாலும் சச்சரவுகளாலும் அவரது உடல்நலம் சீர்குலைந்தது. 1898இல் நரம்புத் தளர்ச்சிக்காக மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றார்.

பொறி மெல்ல மெல்லச் செம்மைப்படுத்தப்பட்டது. 1903இல் உருசியாவில் வண்டால் என்ற எண்ணெய்க் கப்பலிலும், 1912இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட செலாண்டியா என்ற கடற்கப்பலிலும் டீசல் பொறிகள் பொருத்தப்பட்டன. பொறியின் மதிப்பு உயர்ந்து கொண்டிருந்த அதே காலத்தில் அதை உருவாக்கியவரின் செல்வம் கரைந்தது. மியூனிக்கில் கட்டிய மாளிகை, நில வணிகம், எண்ணெய் வயல் முதலீடுகள் ஆகியவற்றில் அவர் பெரும் பணத்தை இழந்தார். சமூகச் சிக்கல்களுக்குத் தீர்வாக 1903இல் அவர் எழுதிய கூட்டுறவுக் கொள்கை நூலும் வரவேற்புப் பெறவில்லை.

மறைவு

1913 செப்டம்பர் 29 மாலை, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் திறக்கப்படவிருந்த டீசல் பொறித் தொழிற்சாலைக்குச் செல்வதற்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். உடன் வந்தோருடன் உணவருந்திவிட்டு, காலை 6.15 மணிக்கு எழுப்புமாறு கூறி இரவு பத்து மணியளவில் தன் அறைக்குச் சென்றார். மறுநாள் காலையில் அறையில் அவர் இல்லை, படுக்கையும் பயன்படுத்தப்படவில்லை. அவரது தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் காணப்பட்டன. சில நாட்களுக்குப் பின் ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, அதிலிருந்த பொருட்களை மட்டும் எடுத்துக் கொண்டனர். அவை தன் தந்தையுடையவையே என மகன் ஆய்கன் உறுதிப்படுத்தினார்.

டீசல் கடனில் மூழ்கியிருந்தது அவரது மறைவுக்குப் பின் தெரியவந்தது. அவர் தற்கொலை செய்து கொண்டார் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்தாகும். கொலை என்ற ஐயங்களும் எழுப்பப்பட்டன; ஆனால் அவற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை.

கார்களில் டீசல் பொறி

காற்றை அழுத்தும் துணை இயந்திரத்தின் எடை காரணமாக டீசலின் காலத்துப் பொறிகள் சாலை வண்டிகளுக்குப் பொருந்தவில்லை. 1920களில் ராபர்ட் பாஷ் உருவாக்கிய எரிபொருள் பீச்சுப் பம்பு இத்தடையை நீக்கியது. 1936இல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260டி என்ற டீசல் கார் அறிமுகமானது. அது 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 லிட்டர் எரிபொருளில் ஓடியது; ஒத்த பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ 13 லிட்டர் தேவைப்பட்டது.

இன்றைய கார்களின் டீசல் பொறிகள் மிகச் சாதகமான நிலையில் 40 விழுக்காட்டைச் சற்றே கடக்கின்றன. மெதுவாகச் சுழலும் மிகப் பெரிய கப்பற்பொறிகள் 50 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான முயற்சிக்குப் பின்னும் எந்த டீசல் பொறியும் 73 விழுக்காட்டை எட்டவில்லை. வெப்பத்தின் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாகக் குளிர்விக்கும் நீருக்கும், மற்றொரு பகுதி புகையுடன் வெளிக்காற்றுக்கும் செல்வது தவிர்க்க முடியாததாக உள்ளது. எரியும் வெப்பநிலையை உயர்த்தினால் நைட்ரசன் ஆக்சைடுகள் மிகுதியாக உருவாகின்றன. எனவே சிக்கனமும் தூய்மையும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

எரிபொருள் சிக்கனத்தின் எல்லை

டீசலின் கணக்கைக் கொண்டே ஒரு காரின் எல்லையை மதிப்பிடலாம். ஏறத்தாழ 1400 கிலோகிராம் எடையுள்ள நடுத்தரக் கார், சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்வதாகக் கொள்வோம். காற்றின் எதிர்ப்பையும் சக்கரங்களின் உருளல் எதிர்ப்பையும் வெல்ல 100 கிலோமீட்டருக்கு 12 கிலோவாட்-மணி அளவில் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி ஆற்றல் உள்ளது. இதன்படி:

* பயனுறுதிறன் 100 விழுக்காடாயின் (இயலாதது): 1.2 லிட்டர், லிட்டருக்கு 83 கி.மீ.
* 73 விழுக்காடாயின் (டீசலின் கணக்கு): 1.64 லிட்டர், லிட்டருக்கு 61 கி.மீ.
* 40 விழுக்காடாயின் (இன்றைய பொறியின் உச்சநிலை): 3 லிட்டர், லிட்டருக்கு 33 கி.மீ.
* 26.2 விழுக்காடாயின் (1897 பொறி): 4.6 லிட்டர், லிட்டருக்கு 22 கி.மீ.

நடைமுறையில் பொறி எப்போதும் உச்சநிலையில் இயங்குவதில்லை. பல்லிணைப் பெட்டியின் இழப்பு, குளிரூட்டி, நகர நெரிசலில் நின்று செல்லுதல் ஆகியவற்றால் செலவு மேலும் கூடுகிறது. பொறியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி எரிபொருள் செலவைப் பாதியாக்கலாம் என்னும் விளம்பரங்களை இக்கணக்கால் எளிதில் சோதிக்கலாம். 40 விழுக்காட்டில் இயங்கும் பொறியின் செலவு பாதியாக வேண்டுமெனில் அதன் பயனுறுதிறன் 80 விழுக்காடாக வேண்டும். அது டீசலின் 73 விழுக்காட்டையே விஞ்சுவதாகும்.

ஆகவே பெரிய முன்னேற்றத்திற்குக் காரின் தேவையைக் குறைப்பதே வழியாக உள்ளது. 2013இல் வெளிவந்த வோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1 இதற்கு எடுத்துக்காட்டாகும். 795 கிலோகிராம் எடையும் மிகக் குறைந்த காற்றெதிர்ப்பும் கொண்ட இந்த இருவர் கார், சிறிய டீசல் பொறியுடன் மின்னோடியையும் கொண்டிருந்தது. எடை, வடிவம், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்கலத்தில் மீட்டல் ஆகியவற்றால் கிடைக்கும் சிக்கனத்திற்குக் கார்னோவின் எல்லை தடையாக நிற்பதில்லை.

நினைவுகள்

1897ஆம் ஆண்டின் சோதனைப் பொறி மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சிறிய டீசல் பொறிகளை உருவாக்கிய யான்மார் நிறுவனத்தின் நிறுவனர், ஜப்பானியரான மகோகிச்சி யமோகா, டீசலின் நினைவாக ஆக்ஸ்பர்க் நகருக்கு ஒரு கற்தோட்டத்தை வழங்கினார். 1957இல் திறக்கப்பட்ட அத்தோட்டம் அந்நகரப் பூங்காவில் அமைந்துள்ளது.