யாரும் வராத டிஸ்பென்சரி

ப்ளேஸ்மென்ட் சீசன். காலையில் எழுந்ததும் போனை எடுத்து மெயிலைத் திறக்கிறீங்க. நன்றியில் ஆரம்பிச்சு, வாழ்த்துல முடிஞ்சு, நடுவுல உங்களை எடுக்கலைன்னு ஒரே ஒரு வரி. இந்த வருஷம் அந்த வரியைப் படிக்காத ஃபைனல் இயர் ஆட்கள் ரொம்பக் கம்மி. நானும் படிச்சிருக்கேன். ஆனா இந்தக் கட்டுரை என்னைப் பத்தி இல்லை.

எங்க ஊர் சோளிங்கர். எதிர் வீட்டு அக்கா போன வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சாங்க. எங்க தெருவுக்கே முதல் நர்ஸ். அவங்க அப்பாவுக்குத் தோல் கம்பெனியில வேலை. அம்மா தினமும் காலையில கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போறவங்க. படிப்புக்கு பேங்க்ல வாங்கின கடன் வேற இருக்கு. ரிசல்ட் வந்த அன்னைக்கு தெரு முழுக்க லட்டு கொடுத்தாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசத்துல நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாங்க. ரெண்டு இடத்துல அனுபவம் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. ஒரு இடத்துல சம்பளமே இல்லாம ட்ரெயினியா இருக்கச் சொன்னாங்க. இன்னொரு இடத்துல இருந்து பதிலே வரலை. யாருமே சேர்த்துக்கலைன்னா அனுபவம் மட்டும் எங்கிருந்து வரும்னு ஒருநாள் சாயங்காலம் அக்கா என்கிட்ட கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

அந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டு இருந்தப்போதான் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைப் படிச்சேன். வேலூர் பக்கத்துக்காரங்களுக்கு இந்தப் பேரைச் சொல்லித் தரவே வேண்டாம். சி.எம்.சி. வாசல்ல ஓடுற ரோட்டுக்கே அவங்க பேர்தான். ஆனா அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தே பழகிட்டதால, அதை ஆரம்பிச்சவங்க ஒரு காலத்துல படிப்பை முடிச்சிட்டு வந்து, ஒரு சின்ன அறையில, யாராவது வருவாங்களான்னு வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்கன்னு நாம யோசிக்கிறதே இல்லை. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, நம்ம இராணிப்பேட்டையில். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் மருத்துவமும் மதப் பணியும் செய்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் பலரும் இதே ஆற்காடு பகுதியில் மிஷன் வேலைக்கு வந்தார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான், அவர் பெயரும் ஜான்தான்.

குழந்தையாக இருந்தபோது ஐடா பார்த்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் புரட்டிப் போட்ட பஞ்சம் அது. பசியில் கையைக்கூடத் தூக்க முடியாத குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டும் வேலை அந்தச் சின்னப் பெண்ணுக்கு. அந்தக் காட்சிகள் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் அமெரிக்காவுக்குப் போய்ப் பள்ளிப்படிப்பு முடித்தபோது, அவருக்கு இந்தியா வேண்டாம், மிஷன் வேலையும் வேண்டாம். குடும்பமே போன வழியில் தான் மட்டும் போகப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அப்பா டாக்டர்னா பிள்ளையும் டாக்டர்தான் என்று ஊர் சொல்லும்போது நமக்கு வருகிற எரிச்சல் அவருக்கும் இருந்திருக்கும்.

1890-களின் தொடக்கத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் உதவியாக இருந்துவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் திட்டம். அங்கே ஒரு ராத்திரி நடந்தது அவர் வாழ்க்கையை மாற்றியது.

அந்த ராத்திரி ஒரு பிராமண இளைஞர் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வெளியே வரவில்லை. ஐடா வர வேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் தன் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே பிரச்சினை, அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர் வந்தார். அவரும் அப்படியே போனார். விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. அந்த மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார், ஆனால் மருத்துவம் படிப்பதற்காக. 1895-ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கடைசியில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். இந்தியாவுக்குக் கிளம்பும் முன் வேலூரில் பெண்களுக்கான ஒரு ஆஸ்பத்திரி கட்ட நன்கொடை கேட்டு அலைந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். கையில் டிகிரி, ஆஸ்பத்திரி கட்டப் பணம், பல வருஷ அனுபவமுள்ள அப்பா. அப்பாவோடு சேர்ந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு 1900-ன் தொடக்கத்தில் வந்து இறங்கினார். அப்போது வயது 29.

சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார்.

இங்கேதான் நம்ம கதை ஆரம்பம். ஊர் ஜனங்களுக்கு நம்பிக்கை இருந்தது அந்தப் பெரியவர் மேல். அவர் போன பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது கல்யாணமாகாத ஒரு இளம்பெண். அனுபவம் கிடையாது. அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் வரவில்லை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையை டிஸ்பென்சரியாக்கி, மருந்தெல்லாம் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்றவர்களுக்காகவே அவ்வளவு தூரம் போய்ப் படித்து வந்தவர் அவர். கேட்டு வந்தப்போ படிப்பு இல்லை. படிச்சிட்டு வந்தப்போ கேட்டு யாரும் வரலை. எதிர் வீட்டு அக்காகிட்ட இந்த இடத்தைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

கடைசியில் ஒரு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் நிலைமை கைமீறிப் போயிருந்தது. அந்த நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. புதிதாக வந்த டாக்டர் தொட்ட முதல் கேஸே சாவு. சின்ன ஊரில் அது எப்படிப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். அதன் பிறகும் அவர் அடுத்த நாள் அறையைத் திறந்தார். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிச்சேன். அன்னைக்கு அவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. திறந்தாங்கன்னு மட்டும் தெரியும்.

பிறகு கண் வலியோடு ஒரு பெண் வந்தார். பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை, மருந்து போட்டதில் சரியானது. ஆனால் அந்தப் பெண் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னார், அவர்கள் இன்னும் சிலரிடம் சொன்னார்கள். மெதுவாகக் கூட்டம் சேர்ந்தது. கூட உதவிக்கு நர்ஸ் என்று யாரும் கிடையாது. வீட்டில் வேலை பார்த்த சலோமி என்ற பெண்ணுக்குக் கட்டுப் போடவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் சொல்லிக் கொடுத்துத் தன் முதல் உதவியாளராக்கினார். இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆரணி ரோட்டில் இருக்கும் அந்த ஷெல் வளாகம்தான் பின்னாளில் கண் மருத்துவமனையானது.

கூட்டம் வந்த பிறகு வேறு பிரச்சினை. ஒரே ஆளால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அதனால் மற்றவர்களைத் தயார்படுத்த ஆரம்பித்தார். 1909-ல் டீலியா ஹூட்டன் என்ற நர்ஸின் பொறுப்பில் நர்சிங் பள்ளி தொடங்கியது. அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்பவே வீடுகள் தயங்கின. முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தையும் சீழையும் துடைக்கிற வேலை, அதிலும் எந்தச் சாதிக்காரர் என்று பார்க்காமல் தொட வேண்டிய வேலை. இன்னைக்கு எங்க தெருவில் லட்டு கொடுத்துக் கொண்டாடின டிகிரி, நூறு வருஷத்துக்கு முன்னாடி வெளியே சொல்லத் தயங்கின வேலையா இருந்திருக்கு.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமங்களுக்கு அவரே கிளம்பிப் போனார். குடியாத்தம் போகும் வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே போவார்.

அடுத்தது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் சேர வருவார்களா என்று அரசாங்கத்து மருத்துவ அதிகாரிகளுக்கே சந்தேகம். நினைத்ததைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. 1918 ஆகஸ்டில் பள்ளி தொடங்கியது. முதல் வருஷப் பரீட்சையில் மாகாணம் முழுக்க ஆண் மாணவர்களில் பெரும்பாலானோர் தோற்றுப்போக, வேலூர்ப் பெண்கள் எல்லோரும் தேறினார்கள். அவர்களில் 14 பேர் 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்றால் முடியாது. அவருக்குப் பெரிய நிராகரிப்பு வந்ததே அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான். 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, இனிமேல் மருத்துவப் பள்ளிகளின் டிப்ளமா போதாது, எம்.பி.பி.எஸ். பட்டம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்கு இன்னும் நிறையப் படுக்கைகள், பெரிய லேப், அதிக ஆசிரியர்கள் வேண்டும். அது இல்லாததால் புதிய மாணவிகளைச் சேர்க்க முடியாமல் போனது. இருபது வருஷ உழைப்பு மூடப்படும் நிலை. 1941-ல், எழுபது வயதில், உலகப் போருக்கு நடுவே அமெரிக்காவுக்குக் கிளம்பினார். ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார். கல்லூரியைக் காப்பாற்ற ஆண்களையும் சேர்க்கலாம் என்ற யோசனை வந்தபோது, இத்தனை வருஷம் கூடவே நின்ற சிலரே எதிர்த்தார்கள். பெண்களுக்காக என்று தொடங்கிய இடம் என்பதால் அவருக்கும் அது எளிதான முடிவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். 1942-ல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு எம்.பி.பி.எஸ். தொடங்கியது. பிறகு ஆண்களும் சேர்ந்தார்கள். 1946-ல் நர்சிங் பள்ளி கல்லூரியானது. இந்தியாவிலேயே நர்சிங்கில் பட்டப்படிப்பை முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. எதிர் வீட்டு அக்கா பேருக்குப் பின்னாடி போட்டுக்கிற அந்த பி.எஸ்சி. இந்த நாட்டுல அப்பதான் ஆரம்பிச்சது.

அதே 1946-ல் ஐடா பொறுப்புகளில் இருந்து ஓய்வு பெற்றார். கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதத்தில், 89 வயதில் இறந்தார். அவர் பிறந்த இராணிப்பேட்டையில் இன்றைக்கு சி.எம்.சி.யின் ஒரு பெரிய வளாகம் இயங்குகிறது.

இந்த இடத்துல உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. அவங்க அமெரிக்கர், பேர் பெற்ற குடும்பம், கையில 10,000 டாலர். எதிர் வீட்டு அக்காவுக்கு இருக்கிறது பேங்க் கடன். எங்க ஊர் பெரிய மலை நரசிம்மரைப் பார்க்க 1305 படி ஏறணும், இப்போ ரோப் கார் இருக்கு. ஐடாவுக்கு நிறைய இடத்துல ரோப் கார் இருந்தது. அதை மறைச்சிட்டு, முயற்சி பண்ணினா எல்லாம் கிடைக்கும்னு உங்ககிட்ட சொன்னா அது பொய். அனுபவம் கேட்கிறவங்க அந்த அனுபவத்தைக் கொடுக்கவும் ஒரு இடம் வெச்சிருக்கணும். அது அவங்க செய்ய வேண்டிய வேலை. வேலை கிடைக்காததுக்கு அக்கா மேல தப்பு சொல்ல முடியாது.

ஆனா அந்தக் காலி அறைக்குள்ள ரோப் கார் எதுவும் உதவலை. ஷெல் கொடுத்த பணத்தால ஒரு நோயாளியைக்கூட உள்ளே கூட்டிட்டு வர முடியலை. அங்க அவங்களும் நம்மள மாதிரி ஒரு ஃப்ரெஷர்தான். வந்த கண் வலியை ஒழுங்கா பார்த்தாங்க. அதுதான் அவங்களோட அனுபவச் சான்றிதழ்.

எதிர் வீட்டு அக்கா இப்போ எங்க ஊர்லயே ஒரு சின்ன கிளினிக்ல சேர்ந்திருக்காங்க. சம்பளம் கம்மிதான், மாசக் கடனுக்கே பத்தாது. ராத்திரி எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்கிறாங்க. இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போட்ட அப்ளிகேஷனுக்குப் பதில் வரலை. சேர்ந்த முதல் வாரம், சின்னப் பொண்ணா இருக்கேன்னு ஒரு பாட்டி ஊசி போட்டுக்கவே மாட்டேன்னுட்டாங்களாம். போன வாரம் அதே பாட்டி வாசல்லயே நின்னு, அந்தப் பொண்ணு வந்திருச்சான்னு கேட்டுட்டுத்தான் உள்ளே வந்தாங்களாம்.